மின்மிதிவண்டி மின்கலங்களை அனுப்புதல்

மின்மிதிவண்டிகளில் பயன்படும் இலித்தியம்-அயனி மின்கல அடுக்குகள், ஐக்கிய நாடுகள் வகைப்பாட்டின்படி ஒன்பதாம் வகுப்பு ஆபத்தான சரக்குகள் ஆகும். தனியாக அனுப்பப்படுபவற்றின் எண் 3480. கருவியுடன் சேர்த்து அனுப்பப்படுபவற்றின் எண் 3481.

ஆபத்து

ஒரு கலத்தினுள் குறுக்குச்சுற்று ஏற்பட்டால், அதன் வெப்பம் அடுத்தடுத்த கலங்களுக்கும் பரவித் தீப்பற்றக்கூடும். 2022 ஏப்ரலில் நாசிக்கில், சரக்குந்தில் ஏற்றப்பட்டிருந்த 40 மின் ஸ்கூட்டர்களில் 20 எரிந்தன.

வான்வழி

தேனி மாவட்டத்துக்கு அண்மையிலுள்ள வானூர்தி நிலையம் மதுரையில் உள்ளது. 36 வோல்ட்டு, 10 ஆம்பியர்-மணி அடுக்கின் ஆற்றல் 360 வாட்-மணி ஆகும். பயணிகள் எடுத்துச்செல்ல, வானூர்தி நிறுவனத்தின் ஒப்புதல் இருந்தாலும் 160 வாட்-மணியே உச்ச வரம்பு. தனி மின்கலங்களைப் பயணிகள் வானூர்தியில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சரக்கு வானூர்தியில் பொதுவாக 30 விழுக்காட்டுக்கு மிகாத மின்னேற்றத்துடன் அனுப்பலாம்.

சாலைவழி

எனவே தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளிலிருந்து சாலைவழியே நடைமுறைக்கு ஏற்றது. ஆபத்தான சரக்குகளைச் சாலையில் கொண்டுசெல்வதை மத்திய மோட்டார் ஊர்தி விதிகள், 1989 இன் 129 முதல் 137 வரையான விதிகள் நெறிப்படுத்துகின்றன. குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளின் வளைவுகளில் சரக்கு குலுங்கும். ஆகையால் மின்முனைகளைக் காப்பிட்டு மூடி, அடுக்கு அசையாதவாறு உறுதியான பெட்டியில் வைத்தல் வேண்டும். அதிர்வு, மோதல், வெப்பம் ஆகியவற்றைத் தாங்கும் திறனைச் சோதிக்கும் ஐ. நா. 38.3 சான்று உற்பத்தியாளரிடம் கிடைக்கும்.

பழுதுற்றவை

வீங்கிய அல்லது நசுங்கிய மின்கலங்களைச் சாதாரணப் பொதியாக அனுப்பலாகாது. வான்வழி அனுப்புவது முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 இன்படி, பயன்படுத்தி முடித்தவற்றைத் திரட்டி மறுசுழற்சிக்கு உட்படுத்துவது உற்பத்தியாளரின் பொறுப்பாகும்.