தலையை உருட்டும் கைகள்

அண்மையில் லாச்சப்பலில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கச் சென்றிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மம்மா, இரண்டு மாதப் பேரனைக் காலிற் கிடத்தித் தோயவார்த்து, அவன் தலையை உள்ளங்கையால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, விடுங்கோ. நேர்ஸ் தலையை அமத்த வேண்டாமெண்டு சொன்னவ" என்றார் மகள்.

"உன்ரை தலையை ஆர் உருட்டினது?"

இருவரும் எம்மைப் பார்த்தனர். வாத்தியார் வந்தால் தீர்ப்பும் சொல்லவேண்டும் போலும்!

சிசுவின் மண்டையோடு ஒரே எலும்பன்று. இன்னும் இறுகாத பல தகடுகள். மத்திய அமெரிக்காவின் மாயர் இதனை நன்கறிந்திருந்தனர். பிறந்து நான்கைந்து நாளில் பிடரியில் ஒன்றும் நெற்றியில் ஒன்றுமாகப் பலகை வைத்துச் சில நாட்கள் இறுக்கினர் என்று 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லந்தா எழுதிவைத்துள்ளார். 683இல் மறைந்த பலென்கே அரசன் பகாலின் உருவங்களில் பின்னோக்கிச் சரிந்த அந்த நெற்றியைக் காணலாம். அவர்களுக்கு அதுவே அழகு. ஸ்பானியர் ஆட்சிக்குப் பின் வழக்கம் அருகிற்று.

முகஞ்சுளிப்போர் பிரான்சையும் மறத்தலாகாது. நோர்மண்டிப் பகுதியில் சிசுக்களின் தலையைத் துணியால் இறுகச் சுற்றியதால் மண்டை நீண்டுபோனதை 1834இல் மருத்துவர் ஃபோவில் எழுதினார். துலூஸ் பகுதியின் இதே வழக்கத்தை 1871இல் பாரிஸ் அறிஞர் புரோக்கா ஆராய்ந்தார். தாய்மார் தலையைக் காப்பதாகவே எண்ணிக் கட்டினர்.

எங்கள் அம்மம்மாவின் கை பலகையுமன்று, கட்டுமன்று. ஆயினும் மகள் கூறியதே சரி. பிறப்பின்போது நெரிந்த தலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே சீராகும். உருட்டத் தேவையில்லை, உச்சியை அமத்தவே கூடாது.

ஆனால் பேரனின் பிடரி தட்டையாகிறதென அம்மம்மா கண்டதும் பொய்யன்று. 1990களில் இங்கு சிசுக்களை மல்லாக்கவே உறங்கவைக்கும்படி அறிவுறுத்தினர். தொட்டில் மரணங்கள் பெரிதும் குறைந்தன, தட்டைத் தலைகள் கூடின. அதற்காக உறக்கத்திற் குப்புறப் போடலாகாது. கடைகளில் விற்கும் தலை சீராக்கும் தலையணைகளும் வேண்டாம். விழித்திருக்கையில், ஒருவர் அருகிலிருக்க, குப்புற விடலாம். எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

"அப்ப எண்ணெய் வைக்கலாமோ?" என்றார் அம்மம்மா.

மெதுவாகத் தடவலாம் என்றோம். அவர் சற்றுப் பேசாதிருந்தார். பின் பேரனைத் துவட்டிப் பாயிற் குப்புறக் கிடத்தினார். அவன் தலையைத் தூக்க முயல, மகள் எதிரே போய்க் குந்திக்கொண்டார்.