கப்பலின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பிரிட்டன் தன் கைதிகளை நாடுகடத்திய, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காலனியின் தொடக்க ஆண்டுகளில் வாழ்ந்த ஒரு மூதாட்டியைத் தேடுகிறவர்கள் அவருடைய பெயரில் தொடங்கி, அங்கேயே முட்டி நின்றுவிடுகிறார்கள். கைதியாகக் கப்பலேறியபோது ஒரு பெயர், சேர்ந்து வாழ்ந்தவரின் பெயர் ஒன்று, பிறகு மணந்தவரின் பெயர் வேறொன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெண் வாயால் சொன்னதை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்.

ஆகவே முடிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அங்கே பிறப்பு, இறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு 1856 மார்ச்சில் தொடங்கியது. அதற்குப் பின் இறந்தவர் என்றால், இறப்புச் சான்றிதழில் பெற்றோர், பிறந்த ஊர், காலனியில் வாழ்ந்த ஆண்டுகள் ஆகியவை இருக்கலாம். ஆண்டுகளைக் கழித்தால் அவர் வந்து இறங்கிய காலம் தெரியும். ஆனால் விவரம் சொன்னவர் பெரும்பாலும் மகனோ மருமகனோதான். அதைத் தடயமாக மட்டும் கொள்ளுங்கள். 1856க்கு முன்பே இறந்திருந்தால் பிள்ளைகளைத் தொடருங்கள். ஒரு பிள்ளையோடு நிறுத்தக் கூடாது. ஒருவரின் ஞானஸ்நானப் பதிவில் விடுபட்ட தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இன்னொருவரின் இறப்புச் சான்றிதழில் இருக்கக்கூடும்.

அடுத்து, 1828 நவம்பரில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. வயது, மதம், தொழில், இருப்பிடம் ஆகியவற்றோடு, வந்த கப்பலையும் ஆண்டையும் கேட்டு எழுதினார்கள். திருமணத்தால் மாறாதது கப்பலின் பெயர்தான். அதை வைத்துக்கொண்டு 1822, 1811, 1806 என முந்தைய தலைக்கணக்குப் பட்டியல்களில் பின்னோக்கித் தேடுங்கள். குடும்பப் பெயரை மறந்துவிட்டு, அந்தக் கப்பலில் வந்த பெண்கள் அனைவரையும் வரிசையாகப் பாருங்கள். 1790இல் வந்த 'லேடி ஜூலியானா'வில் இருந்த கைதிகள் அனைவரும் பெண்களே.

கப்பலும் சில சமயம் ஏமாற்றும். இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் முகம் காட்டும் மேரி ரைபி, ஆண் வேடத்தில் குதிரை திருடியதற்காக நாடுகடத்தப்பட்டு 1792இல் 'ராயல் அட்மிரல்' கப்பலில் வந்தவர். வணிகத்தில் செழித்த பிறகு இங்கிலாந்து போய்த் திரும்பினார். 1828 கணக்கில், 1821இல் சுதந்திரமாக வந்தவர் என்று தம்மைப் பதிந்துகொண்டார். இரண்டாம் பயணத்தைச் சொன்னார், முதலாவதை விட்டுவிட்டார். கைதி என்ற களங்கத்தைச் சுமந்த ஒரு பெண் அப்படிச் சொன்னதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் தேடுகிறவர் ஒரே ஆவணத்தை நம்பிவிடக் கூடாது.

பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் 1806இல் தயாரித்த பெண்கள் பட்டியலில் இன்னும் கவனம் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையில் மணந்தவர்களை மட்டுமே அவர் மனைவி என ஏற்றார். கத்தோலிக்க முறையில் மணந்தவர்களும் வைப்பாட்டி என்றே எழுதப்பட்டார்கள். உங்கள் மூதாட்டியின் பெயருக்கு எதிரே அந்தச் சொல் இருந்தால், அது மார்ஸ்டனின் தீர்ப்பு. அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்குச் சான்று அல்ல.

கப்பல் உறுதியானதும் அதன் கைதிப் பட்டியலை எடுங்கள். தொடக்ககாலப் பட்டியல்களில் விசாரணை நடந்த இடம், தேதி, தண்டனைக் காலம் தவிர அதிகம் இராது, அதுவே போதும். அந்த இடம் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றம் என்றால் அச்சிட்ட வழக்கு விவரத்தில் என்ன திருடினார், யார் சாட்சி சொன்னார்கள் என்பதுவரை படிக்கலாம். மாவட்ட நீதிமன்றம் என்றால் அதன் ஆவணங்களைத் தேட வேண்டும்.

பெயரைக் குடும்ப மரத்தில் ஏற்றுமுன் ஒரு வேலை பாக்கி. ஒரே கப்பலில் ஒரே பெயரில் இருவர் வந்திருக்கலாம். மேரி, ஆன், எலிசபெத் என்ற பெயர்கள் அவ்வளவு மலிவு. மற்றவரையும் திருமணம்வரை அல்லது கல்லறைவரை தொடர்ந்து சென்று, அவர் வேறொருவர் என்று நிறுவுங்கள்.