விளையாட்டுப் பொன்

கோலார் தங்க வயலில் குன்றிமணி எடைப் பொன் எடுக்க, நம்மவர் 3 கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கினார்கள். அரிதாகக் கிடைத்ததாலேயே அதற்கு மதிப்பு. கணிப்பொறி வழியே பல்லாயிரவர் கூடி வேடமேற்று ஆடும் விளையாட்டுகளை நடத்துவோர் பலர் மறந்த பாடம் இதுவேயாகும்.

1997-இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' என்னும் ஆட்டத்தில், மொத்தப் பொருளுக்கும் முதலில் ஓர் அளவு வகுத்திருந்தார்கள். ஆடுவோரோ கிடைத்ததையெல்லாம் பூட்டி வைத்தார்கள். ஆகவே புதுப்பொருள் தோன்ற வழியின்றிப் போயிற்று. பின்னர் அவ்வளவை நீக்கினார்கள். பூதங்களைக் கொல்லக் கொல்லப் பொற்காசு உதிர்ந்தது. அது செலவாகும் வழியோ போதவில்லை. காசு மலிந்தது, விலை ஏறிற்று. வாய்க்கால் வெட்டியவர்கள் வடிகால் வெட்ட மறந்தார்கள்.

மற்றொரு பிழை, ஆட்டத்தை வரவு செலவாக மட்டுமே காண்பது. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற ஆட்டம் 2012 நவம்பர் 30-இல் மூடப்பட்டபோது, அதில் கூடிப் பழகியவர்கள் ஊரை இழந்தாற்போல் வருந்தினார்கள். அவர்கள் இழந்தது பொழுதுபோக்கு. 2001-இல் சுரங்கம் மூடியபோது நாம் இழந்ததோ பிழைப்பு. ஆயினும், மனிதர் கூடும் இடம் எதுவாயினும், அதை நடத்துவோர் முதற்கண் எண்ண வேண்டியது அம்மனிதரையே அன்றோ?