துருப்பிடித்த எஞ்சினின் வயது என்ன, பெயர் என்ன?

மாணவர்களே! பட்டறை மூலையில் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்று துருவேறிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்த் தகடு இல்லை. அது எந்த வண்டியின் எஞ்சின்? மீண்டும் ஓடுமா? வெர்னியர் அளவியும் சிறிது கணக்கும் இருந்தால் விடை காணலாம்.

கிக்கரை உதைத்துப் பார்க்க ஆசை வரும். கூடாது! பிஸ்டன் வளையங்கள் துருவினால் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். உதைத்தால் வளையம் உடையும், சுவரும் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட வேண்டும்.

அடுத்து, சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றுங்கள். அதில் வால்வுகள் இருந்தால் அது நான்கு வீச்சு எஞ்சின். வால்வுகள் இன்றி, சிலிண்டர் சுவரிலேயே துளைகள் இருந்தால் இரு வீச்சு எஞ்சின்.

நம் எஞ்சினில் வால்வுகள் உள்ளன. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம், அதாவது வீச்சு, 90 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரம் நினைவிருக்கிறதா? ஆரத்தின் வர்க்கத்தை வீச்சாலும் 'பை'யாலும் பெருக்குங்கள்: 3.14 × 3.5 × 3.5 × 9 = ஏறக்குறைய 346 கன செ.மீ. இது 'புல்லட் 350' எஞ்சினின் அளவு! இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இவ்வண்டியை, 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் தயாரித்தது. எஞ்சினின் வயதை அறிய, அதன் உடலில் பொறித்த எண் உதவும். துருவைத் தேய்க்கும்போது அந்த எண்ணை அழித்துவிடாதீர்கள்!

உள்விட்டம் 70-க்குப் பதில் 70.5 மி.மீ. இருந்தால்? கன அளவு 351 ஆகிவிடும். குழம்ப வேண்டாம். யாரோ முன்பே 'ரீபோர்' செய்திருக்கிறார்கள் என்பது பொருள். வீச்சு மட்டும் மாறாது.

ரீபோர் ஏன் தேவை? பிஸ்டன் மேலும் கீழும் செல்லும்போது, சாய்ந்து நிற்கும் இணைப்புத் தண்டு அதைப் பக்கவாட்டிலும் அழுத்துகிறது. ஆகவே சிலிண்டர் வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில் தேய்கிறது. மேற்பகுதியில் வெப்பம் மிகுதி, எண்ணெய் குறைவு. அங்கேதான் தேய்மானம் அதிகம். வளையம் எட்டாத உச்சி விளிம்பு தேயாமல் படிபோல நிற்கும். நகத்தால் தடவினாலே தெரியும். அத்தகைய சிலிண்டரைப் பட்டறையில் மீண்டும் வட்டமாகக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவார்கள்.

'இறுக்கமாகப் பொருத்தினால் நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், 70 மி.மீ. அலுமினியம் சுமார் 0.16 மி.மீ. விரியும், வார்ப்பிரும்போ அதில் பாதிதான். இடைவெளி போதாவிட்டால் ஓடும் வண்டியிலேயே பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிடும்; ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து. இடைவெளி அதிகமானாலோ எண்ணெய் மேலேறி எரிந்து புகை கக்கும், அமுக்கமும் குறையும். மயிரிழை அளவில்தான் எஞ்சினின் வாழ்வு இருக்கிறது!

உங்களுக்கு ஒரு கணக்கு: உள்விட்டம் 65 மி.மீ., வீச்சு 75 மி.மீ., வால்வு இல்லை. கன அளவு என்ன? 1960-களில் மைசூரில் தயாரான ஜாவா வண்டியை நினைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.