சிரிக்காத முகமும் ஓடுகிற எஞ்சினும்: பஸ்டர் கீட்டனைப் பார்ப்பதில் உள்ள சில பிரச்சினைகள்

பழைய ஹாலிவுட் சிரிப்பு நடிகர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. 'ஆகா, அந்தக் காலம் மாதிரி வருமா' என்பது ஒன்று. 'இதெல்லாம் ஏகாதிபத்தியக் கேளிக்கை, இதுக்கெல்லாம் நமக்கெங்க நேரம்' என்பது மற்றது. சில வருஷங்களுக்கு முன் ஒரு திரையிடலில் பஸ்டர் கீட்டனின் 'த ஜெனரல்' முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "அடிமை முறையக் காப்பாத்த சண்ட போட்ட பக்கத்துக்காக ஒருத்தன் ரயில் ஓட்டுறான். நாம விழுந்து விழுந்து சிரிச்சோம். யாரு செலவுல சிரிச்சோம்?" அன்றைக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நானும்தான். அந்தக் கேள்வியை ஒதுக்காமலும், சிரித்ததை மறைக்காமலும் அந்தப் படங்களைப் பார்க்க முடியுமா என்பதுதான் இங்கே பிரச்சினை.

நினைவேக்கம் என்பது இழந்ததை எண்ணி ஏங்குவது. ஆனால் நம் தலைமுறைக்கு மௌனப்படம் இழந்த பொருளே அல்ல; அது கையில் இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றின் மீது ஏக்கம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவிலேயே அது தயாரிக்கப்பட்ட ஒன்றுதான். 1949இல் ஜேம்ஸ் ஏஜி 'லைஃப்' பத்திரிகையில் சாப்ளின், கீட்டன், ஹெரால்ட் லாயிட், ஹேரி லேங்டன் ஆகிய நால்வரையும் முன்னிறுத்தி, சிரிப்பின் மகத்தான காலம் முடிந்துபோனதென்று எழுதினார். 1957இல் ராபர்ட் யங்சன் பழைய படங்களிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டிச் 'சிரிப்பின் பொற்காலம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்புப் படம் வெளியிட்டார். பொற்காலம் என்ற பட்டம் கிடைத்தபோது அந்தப் பொற்காலத்துக்காரர்களில் லேங்டன் இறந்துவிட்டிருந்தார், கீட்டன் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். லாரல் - ஹார்டி படங்களைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்ப ஓட்டியது. அவர்கள் இருவருக்கும் அதிலிருந்து சல்லிக்காசு வரவில்லை. முதலில் ஆளைக் கழித்துக் கட்டுவது, பிறகு அவனுடைய நிழலுக்கு மாலை போடுவது என்பதாக இந்த நினைவேக்கத்தின் பொருளாதாரம் இயங்குகிறது.

சாப்ளினை விட்டுவிட்டுக் கீட்டனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. சாப்ளின் நமக்கு வசதியானவர். ஏழை, நாடோடி, போலீஸ்காரனுக்கு எதிரி. எந்த மேடையிலும் கூசாமல் புகழலாம். கீட்டன் அப்படி வசப்படுவதில்லை. அவர் பார்வையாளனிடம் இரக்கம் கேட்பதில்லை, படத்தில் சிரிப்பதுமில்லை. அந்தக் கல்முகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது தத்துவத்திலிருந்து வந்ததல்ல, குழந்தை உழைப்பிலிருந்து வந்தது. 1895இல் கான்சஸ் மாநிலத்தில் பிறந்த ஜோசஃப் ஃபிராங்க் கீட்டன் விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா அம்மாவோடு பல்சுவை மேடையில் ஏறியவர். 'மூன்று கீட்டன்கள்' என்று பெயர். ஆட்டம் என்னவென்றால், அடங்காத பிள்ளையை அப்பன் தூக்கி எறிவது. சுவரின் மீது, திரைச்சீலையின் மீது, சமயத்தில் வாத்தியக்காரர்கள் இருக்கும் பள்ளத்தில். தூக்குவதற்கு வாகாகப் பையனின் சட்டையில் ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். விழுந்ததும் பையன் சிரித்தால் ஜனம் சிரிப்பதில்லை. முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டால் அரங்கமே அதிர்கிறது. இதை அந்த வயதிலேயே அவர் கண்டுகொண்டார். நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் இந்தக் குடும்பத்தை விடாமல் துரத்தியதும் பதிவாகியிருக்கிறது. தனக்கு அடியே படவில்லை, விழத் தெரிந்தவனுக்கு அடிபடாது என்று கீட்டன் கடைசிவரை சாதித்தார். இருக்கலாம். ஆனால் வலியை முகத்தில் காட்டாமலிருப்பதுதான் சம்பளம் என்று ஒரு குழந்தையின் உடலில் எழுதப்பட்டுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து நாம் வியக்கும்போது இதையும் சேர்த்தே வியக்கிறோம்.

1917இல் ராஸ்கோ ஆர்பக்கிளின் 'த புட்சர் பாய்' மூலம் சினிமாவுக்கு வருகிறார். 1920இல் தயாரிப்பாளர் ஜோசஃப் ஷெங்க்கின் பணத்தில் தனக்கென்று ஒரு ஸ்டுடியோ. அடுத்த எட்டு வருஷங்களில் செய்ததுதான் இன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருப்பது.

கீட்டனின் வித்தையை ஒரு காட்சியைக் கொண்டு விளக்கிவிடலாம். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928). புயல். தெருவில் நிற்கிறான் நாயகன். பின்னால் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவன்மீது சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவனிருக்கும் இடத்தில் வந்து விழ, சுவர் தரையில் சிதற, இவன் நின்றது நின்றபடி நிற்கிறான். சுவரின் எடை ஏறக்குறைய 2 டன் என்கிறார்கள். தலைக்கும் தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் இடையே சில அங்குலம்தான். டூப் கிடையாது, ஒட்டுவேலை கிடையாது. இதில் கவனிக்க வேண்டியது காமிரா நிற்கும் தூரம். கிட்டே வந்து முகத்தைக் காட்டினால் அது பயத்தைப் பற்றிய காட்சியாகிவிடும். வெட்டிக் காட்டினால் பொய்யாகிவிடும். எட்டி நின்று, முழு உடலையும் முழுச் சுவரையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து, வெட்டாமல் காட்டுகிறார். பார்வையாளன் சாட்சியாகிறான். சிரிப்பு என்பது இங்கே கணக்கு சரியாக வந்ததன் ஆசுவாசம்.

பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதியபோது, உயிருள்ள மனிதன் எந்திரம் போல நடந்துகொள்ளும்போது நாம் சிரிக்கிறோம் என்றார். எந்திரத்தனத்துக்குச் சமூகம் தரும் தண்டனை சிரிப்பு. கீட்டனிடம் இது தலைகீழாகிறது. அவருடைய ஆள் எந்திரத்தை எதிர்ப்பவனும் அல்ல, அதற்கு அடிமையும் அல்ல. அதன் விதிகளை அதைவிட நன்றாகப் புரிந்துகொண்டவன். சாப்ளின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் எந்திரத்தின் பற்களுக்குள் விழுங்கப்படுகிறார். கீட்டன் எந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறார். 'த ஜெனரல்' படத்தில் காதலி கோபித்துக்கொண்டு போனபின் எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் தண்டின் மீது போய் உட்கார்ந்து விடுகிறான். எஞ்சின் நகர்கிறது. தண்டு அவனை மேலும் கீழுமாய்த் தூக்கி இறக்குகிறது. கொட்டகைக்குள் நுழையும்வரை அவனுக்கு அது உறைக்கவே இல்லை. சக்கரம் சற்று வழுக்கிச் சுழன்றிருந்தாலும் ஆள் செத்திருப்பான். துக்கத்தை இதைவிடக் குறைவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. மேலை நாட்டுக்காரர்கள் ஸ்பெயின் கவி லோர்க்காவிலிருந்து தெல்யூஸ் வரை இந்த ஆளைப் பற்றி எழுதித் தள்ளியிருப்பது சும்மா இல்லை.

சரி, தோழரின் கேள்விக்கு வருவோம்.

படத்தின் கரு நிஜம். 1862 ஏப்ரல் 12 அன்று ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தலைமையில் வடக்குத் தரப்பினர் மாறுவேடத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்குள் புகுந்து 'ஜெனரல்' என்கிற எஞ்சினைக் கடத்தினார்கள். தெற்கின் ரயில் பாதையை நாசமாக்குவது திட்டம். துரத்திப் பிடிக்கப்பட்டார்கள். ஆண்ட்ரூஸையும் சேர்த்து எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர். தப்பித்தவர்களில் ஒருவரான வில்லியம் பிட்டென்ஜர் எழுதிய நூலே படத்துக்கு மூலம். ஆக, கதை வடக்கத்தியருடையது. கீட்டன் அதைத் திருப்பிப் போட்டு, துரத்துகிற தெற்கத்தி எஞ்சின் ஓட்டுநரை நாயகனாக்கினார். தோற்றவர்களை வில்லன்களாகக் காட்டினால் ஜனம் ஏற்காது என்று பின்னாளில் காரணம் சொன்னார். இந்த 'ஜனம்' யார்? 1915இல் கிரிஃபித்தின் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' வந்து, அதே ஆண்டில் கு க்ளக்ஸ் க்ளான் மறுபிறவி எடுத்திருந்த நாட்டின் வெள்ளை ஜனம். தெற்கு எதற்காகப் போரிட்டது என்பதை அழித்துவிட்டு, பாவம் தோற்றுப் போன கண்ணியவான்கள் என்று சித்திரிக்கும் பெருங்கதையாடல் அன்று கோலோச்சியது. 'த ஜெனரல்' அடிமை முறையைப் புகழவில்லை. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடிமை முறைக்காக மூண்ட போரைப் பற்றிய படத்தின் கதையில் கறுப்பின மக்களுக்கு இடமே இல்லை. இந்த இன்மைதான் பிரதியின் அரசியல்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது கெட்டிக்காரத்தனம். 'த பிளேஹவுஸ்' (1921) படத்தில் வெள்ளையர்கள் கரி பூசிக்கொண்டு ஆடும் மேடையாட்டம் வருகிறது. 'செவன் சான்சஸ்' (1925) படத்தில் கறுப்பர் பாத்திரத்தைக் கரி பூசிய வெள்ளை நடிகர் செய்கிறார். 'காலேஜ்' (1927) படத்தில் கீட்டனே கரி பூசிக்கொண்டு ஹோட்டல் பணியாளாக வருகிறார். அதே காலத்தில் மேடையில் மகத்தான சிரிப்புக் கலைஞராக விளங்கிய கறுப்பர் பெர்ட் வில்லியம்ஸ், 1922இல் சாகும்வரை தன் கறுப்பு முகத்தின் மேலேயே கரி பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. பொற்காலம் என்கிறவர்கள் இந்தக் கரியைத் துடைத்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

என்றாலும் 'த ஜெனரல்' தன் தெற்கத்திப் பெருமைக்குள் முழுசாக அடங்கவில்லை என்பது என் வாசிப்பு. நாயகன் ஜானி கிரே லட்சியத்துக்காகப் போகவில்லை. பட்டாளத்தில் சேரப் போனால் எஞ்சின் ஓட்டுகிறவன் என்பதால் ஒதுக்கிவிடுகிறார்கள், காரணத்தைக்கூட அவனிடம் சொல்வதில்லை. அவன் துரத்துவது எஞ்சினை. ஒரு காட்சியில் அடுப்புக்கு விறகு வெட்டுவதில் மூழ்கியிருக்கிறான்; பின்னணியில் ஒரு சேனை பின்வாங்கி ஓட, இன்னொரு சேனை முன்னேறி வருகிறது. அவன் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. வரலாறு பின்னால் ஓடுகிறது, உழைப்பவன் கையில் கோடரி. படப்பிடிப்பிலும் ஒரு வேடிக்கை: ஆரிகன் மாநிலக் காவல்படையினரைச் சிப்பாய்களாகப் பிடித்துவந்து, நீலச் சீருடையில் ஒரு பக்கம் ஓடவிட்டு, சாம்பல் சீருடையை மாட்டி எதிர்ப்பக்கம் ஓடவிட்டார்களாம். இதையெல்லாம் சொன்னால் படம் குற்றமற்றதாகி விடாது. சாயம் மாறினால் எல்லாச் சேனையும் ஒன்றுதான் என்று சொல்வதும் அடிமைப்பட்டவனின் இடத்திலிருந்து பார்த்தால் அநியாயம்தான். அவனுக்கு எந்தச் சேனை வருகிறது என்பது உயிர் பிரச்சினை.

பாலம் எரிந்து எஞ்சின் ஆற்றில் விழும் காட்சிக்கு நிஜப் பாலத்தையும் நிஜ எஞ்சினையும் பலி கொடுத்தார்கள். ஆரிகனில் காட்டேஜ் குரோவ் ஊருக்குப் பக்கத்தில் அந்த இரும்புப் பிணம் வருஷக்கணக்கில் ஆற்றிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் இரும்பு தேவைப்பட்டபோது அள்ளிக்கொண்டு போனார்கள். படமும் அன்று தோல்விதான்.

அந்தத் தோல்வியின் தொடர்ச்சியாக 1928இல் ஷெங்க் தன் தனி ஸ்டுடியோ ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, கீட்டனை எம்.ஜி.எம்.மிடம் அனுப்புகிறார். போகாதே என்று சாப்ளின் சொன்னார், போனார். வாரச் சம்பளம் 3000 டாலர். விலை என்ன? அதுவரை அவர் படங்களுக்கு எழுதி முடித்த திரைக்கதை கிடையாது. ஆரம்பமும் முடிவும் தெரியும், நடுவிலுள்ளது இடத்தில் பிறக்கும். எம்.ஜி.எம். என்பது தொழிற்சாலை. காகிதத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே காமிரா சுழலும். பேசும்படம் வந்ததும், பேசாமல் பெயரெடுத்த மனிதனை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் வசனங்களை உருப்போட்டு ஒப்பிக்க வைத்து அயல்நாட்டுப் பதிப்புகள் எடுத்தார்கள். குடி, மணமுறிவு. 1933இல் வேலையை விட்டு நீக்கினார்கள். சில வருஷம் கழித்து அதே ஸ்டுடியோவில் வாரம் 100 டாலருக்கு மற்ற நடிகர்களின் படங்களுக்குச் சிரிப்பு யோசனை சொல்லும் ஆளாக உட்கார்ந்தார். பேசும்படம் வந்து மௌனக் கலைஞர்களைக் கொன்றது என்கிற பழைய பாட்டு பாதி உண்மைதான். ஒலியைவிட ஒப்பந்தமே அவரைத் தின்றது. லாரலையும் ஹார்டியையும் தயாரிப்பாளர் ஹால் ரோச் தனித்தனி ஒப்பந்தங்களில், வெவ்வேறு நாளில் முடியும்படி வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து ஒருநாளும் பேரம் பேச முடியாது. தொழிற்சங்கக்காரர்களுக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை.

1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1966 பிப்ரவரியில் செத்துப்போனார். இன்று அவருடைய மௌனப்படங்கள் பலவற்றின் காப்புரிமை காலாவதியாகி விட்டதால் யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம், நாமும் காட்டலாம். அப்படிக் காட்டுகிறவர்களிடம் எனக்கிருக்கும் ஒரே வேண்டுகோள்: 'த ஜெனரல்' ஓடுவதற்கு முன்னால் ஆண்ட்ரூஸ் கதையை ஐந்து நிமிஷம் சொல்லுங்கள், 'காலேஜ்' போட்டால் அந்தக் கரி பூசிய காட்சியை வெட்டாதீர்கள். அந்தத் தோழரையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு அந்த விறகு வெட்டும் காட்சியில் அவரும்தான் சிரித்தார், நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.