கூழைக்கடாக்களை எண்ணுகிறவர்கள்



வைகறையில் எழுந்து, தொலைநோக்கியையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரையில் நின்று கொக்குகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டால் நம்மில் பலர் என்ன நினைப்போம்? 'பாவம், வேறு வேலை இல்லை போலும்!' என்றே நினைப்போம். ஆனால் அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால், ஓர் ஏரியில் எது வாழ்கிறது, எது மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது என்பதை அதன் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அறியாமற் போகலாம். மெக்சிக்கோ நாட்டின் சப்பாலா ஏரிக்கரையில் கூடும் பறவைக் கழகத்தாரோடு ஒரு காலைப்பொழுது நடந்தால் இந்த உண்மை நமக்கு விளங்கும். வாருங்கள், மனத்தளவில் நாமும் அவர்களோடு சேர்ந்து நடப்போம்.

தட்டில் ஊற்றிய நீர்

மேற்கு மெக்சிக்கோவில், குவாதலஹாரா பெருநகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மலைகளுக்கு நடுவே பரந்து கிடக்கிறது சப்பாலா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,520 மீட்டர் உயரத்தில் அமைந்தது. கிழக்கு மேற்காக அதன் நீளம் சுமார் 80 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர். அந்நாட்டின் இயற்கை ஏரிகளுள் இதுவே மிகப் பெரியது. ஆயினும் பரப்புக்கேற்ற ஆழம் அதற்கு இல்லை. நீர் நிறைந்திருக்கும் காலத்திலும் மிக ஆழமான இடம் பத்து மீட்டரை ஒட்டியதே. அகன்ற தட்டில் ஊற்றிய நீர் எவ்வளவு விரைவாக வெயிலில் உலரும் என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். சப்பாலாவும் அத்தகைய ஒரு தட்டே.

ஏரியின் வடகரையில் சப்பாலா நகரும் அஹிஹிக் என்னும் சிற்றூரும் இருக்கின்றன. சப்பாலாவின் ஆலயம் அசிசி நகர்ப் புனித பிரான்சிசுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. அஹிஹிக் ஊரின் பாதுகாவலர் மீனவரான புனித அந்திரேயா. மீன்பிடித்து வாழ்ந்த மக்கள் தமக்கு ஒரு மீனவத் திருத்தூதரைப் பெற்றிருப்பது பொருத்தமே. இவ்வூர்களில் ஐக்கிய அமெரிக்க நாடுகளையும் கனடாவையும் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற முதியோர் பலர் நெடுங்காலமாகக் குடியேறி வாழ்கின்றனர். அவர்களும் மெக்சிக்கோ நாட்டவர் சிலரும் சேர்ந்தே பறவை பார்க்கப் புறப்படுகின்றனர்.

விடியற்காலைக் கூட்டம்

கதிரவன் எழுமுன் கூடுவது வழக்கம். கைக்குழந்தையைச் சுமப்பதுபோல் ஒருவர் முக்காலியோடு கூடிய பெரிய தொலைநோக்கியைச் சுமந்து வருவார். மற்றொருவர் கையில் பறவைப் படநூல் இருக்கும். பேச்சு தாழ்ந்த குரலில் நடைபெறும். நடை மெதுவாக இருக்கும். நூறு அடி நடக்க அரைமணி ஆனாலும் எவரும் பொறுமை இழப்பதில்லை.

சம்பங்கோரைப் புதர்களின் ஓரத்தில், மிதக்கும் இலைகளின்மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கிறது இலைக்கோழி. திறந்த நீரில் நாமக்கோழிகள் கரும்புள்ளிகளாய் மிதக்கின்றன. வேலிக் கம்பியில் குங்குமத்தைக் கரைத்துப் பூசினாற்போல் ஒரு சிறு ஈப்பிடிப்பான் அமர்ந்து, பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்து, மீண்டும் அதே இடத்திற்குத் திரும்புகிறது. மாடுகளின் காலடியில் மேய்வது உண்ணிக்கொக்கு; நம் வயல்களில் காணும் உண்ணிக்கொக்கின் நெருங்கிய உறவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவை அடைந்து, பின்னர் வடக்கே பரவிய இனம் அது.

மஞ்சள் மார்பும் உரத்த குரலும் கொண்ட ஒரு பறவைக்கு அந்நாட்டு மக்கள் 'லூயிஸ் பியென்தெவேயோ' என்று பெயரிட்டிருக்கின்றனர். 'உன்னை நன்றாகப் பார்க்கிறேன்' என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். பறவையைப் பார்க்க வந்தவர்களைப் பறவையே பார்க்கிறது என்னும் நகைச்சுவையைக் கழகத்தார் நன்கு சுவைப்பர்.

குளிர்காலத்தில் வாத்தினங்களும் வந்து சேர்கின்றன. அவற்றுள் அகப்பை போன்ற அலகுடைய தட்டைவாயன் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் அதே பருவத்தில் வருகின்ற இனமாகும்.

வெண்ணிற விருந்தாளிகள்

இருப்பினும் சப்பாலாவின் தலையாய விருந்தாளி வெள்ளைக் கூழைக்கடாவே. ஏரியின் தென்கிழக்கே, மிச்சோவாக்கான் மாநிலத்தைச் சேர்ந்த பெத்தத்தான் என்னும் மீனவச் சிற்றூருக்கு அவை ஆயிரக்கணக்கில் வருகின்றன. கனடா நாட்டுப் புல்வெளிகளின் ஏரிகளிலும், ஐக்கிய நாடுகளின் வடபகுதி ஏரிகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, 3,000 கிலோமீட்டர் அளவு பறந்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வந்து இறங்குகின்றன. மார்ச்சு மாதத்தை ஒட்டித் திரும்பிச் செல்கின்றன. விரித்த சிறகின் அகலம் இரண்டரை மீட்டருக்கும் மேல்! அமர்ந்திருக்கையில் முழுவதும் வெண்மையாகத் தோன்றும் பறவை, சிறகை விரித்ததும் அதன் ஓரத்துக் கருநிறம் பளிச்சென வெளிப்படும்.

கடலோரத்துப் பழுப்புக் கூழைக்கடாவைப்போல் இது வானிலிருந்து நீரில் பாய்வதில்லை. பல பறவைகள் அரைவட்டமாக அணிவகுத்து நீந்தி, மீன்களைக் கரைப்பக்கம் ஓட்டிச் சென்று, ஒரே வேளையில் அலகுகளைத் தாழ்த்தி அள்ளுகின்றன. ஒருவர் தனித்துச் செய்ய இயலாததைப் பலர் கூடிச் செய்யும் தொழில் அது. பெத்தத்தானில் அவற்றுக்கு மற்றோர் உணவும் கிடைக்கிறது. மீனவக் குடும்பத்தார் மீனை அறுத்துச் சதையை விற்பனைக்கு எடுத்துக்கொண்டு, தலை, தோல், முள் ஆகியவற்றை நீரில் எறிகின்றனர். அந்த நேரத்தை நன்கறிந்த கூழைக்கடாக்கள் கரையை நெருங்கி வந்து மொய்க்கின்றன. அவற்றை அவ்வூரார் 'பொர்ரெகோன்' என்று அழைப்பர். செம்மறியைக் குறிக்கும் சொல்லை ஒட்டிய பெயர் இது. வெண்மந்தை போன்ற அக்கூட்டத்தைக் காண்போருக்கு அப்பெயரின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

நம் ஆலயங்களில் நற்கருணைப் பேழையின்மீதும் பீடத்தின்மீதும் கூழைக்கடாவின் உருவம் செதுக்கப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். தன் மார்பைக் கீறி, இரத்தத்தால் குஞ்சுகளை வாழ்விக்கும் பறவை என்று பண்டையோர் அதனைக் கருதினர். புனித தோமா அக்குவினார் இயற்றியதாகக் கூறப்படும் நற்கருணைப் பாடலிலும் ஆண்டவர் கூழைக்கடாவாக அழைக்கப்படுகிறார். உண்மையில் எந்தக் கூழைக்கடாவும் தன் மார்பைக் கீறுவதில்லை. குஞ்சுக்கு உணவூட்ட அது தன் அலகை மார்போடு அழுத்துவதைத் தொலைவிலிருந்து கண்டவர்கள் அவ்வாறு எண்ணியிருக்கலாம் என்பர். அடையாளத்தின் பொருள் இதனால் குறைந்துவிடாது. ஆனால் சரியாகக் காண வேண்டுமாயின் அருகில் சென்று, நெடுநேரம், பலமுறை பார்க்கவேண்டும் என்னும் பாடம் இதில் உண்டு.

எண்ணுவது எவ்வாறு?

ஆயிரம் பறவைகள் ஒருசேர எழுந்தால் எவ்வாறு எண்ணுவது? முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மனத்தில் பதித்து, அதே அளவாகக் கூட்டம் முழுவதையும் பகுத்துக்கொண்டே போகவேண்டும். கூட்டம் பெரிதாயின் பத்துக்குப் பதில் நூறு. இருவர் மூவர் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிடுவது நன்று. புதியவருக்கு முதலில் கற்பிக்கப்படும் ஒழுக்கம் ஒன்று உண்டு: காண விரும்பியதை எழுதாதே, கண்டதை எழுது. ஐயம் இருந்தால் பெயரிடாமல் விட்டுவிடு. கடந்த ஆண்டு கண்ட பறவையை இவ்வாண்டு காணவில்லையென்றால், காணாததும் ஒரு செய்தியே.

இவ்வழக்கத்தின் தோற்றம் கிறிஸ்து பிறப்பு விழாவோடு தொடர்புடையது. அமெரிக்காவில் முற்காலத்தில் அத்திருநாளன்று இரு அணிகளாகப் பிரிந்து, கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்தி, அதிகம் கொன்ற அணிக்கு வெற்றி என்று விளையாடும் வழக்கம் இருந்தது. பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார் 1900ஆம் ஆண்டு, 'சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம்' என்னும் யோசனையை முன்வைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று 27 பேர் எண்ணினர். இன்று பல்லாயிரம் பேர், அமெரிக்கக் கண்டத்தின் பல நாடுகளில், டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரையுள்ள நாள்களுள் ஒன்றைத் தேர்ந்து, சுமார் 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள் எண்ணுகின்றனர். சப்பாலாக் கரையிலும் இக்கணக்கெடுப்பு நடந்து வந்திருக்கிறது.

இத்தகைய எளிய மனிதர்களின் குறிப்பேடுகள் வீண்போகவில்லை. 1970 முதல் வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று அறிவியலார் 2019ஆம் ஆண்டில் அறிவித்தனர். பத்துக்கு மூன்று என்னும் அளவு இழப்பு அது! அரை நூற்றாண்டாகத் தன்னார்வத் தொண்டர்கள் எடுத்து வந்த கணக்குகளே அம்முடிவுக்குப் பெரிதும் அடிப்படையாயின. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைவதை எந்தக் கண்ணும் தானாக உணர்வதில்லை. 'சென்ற ஆண்டும் இப்படித்தான் இருந்தது' என்றே மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளும். ஏட்டில் எழுதிவைத்த எண் அவ்வாறு மறப்பதில்லை.

ஏரி வற்றிய காலம்

சப்பாலாவுக்கு நீர் கொண்டுவருவது லெர்மா ஆறு. தலைநகருக்கு மேற்கே தோன்றி, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஓடி வரும் அந்த ஆற்றின் நீரை ஐந்து மாநிலங்களின் வயல்களும் நகரங்களும் தொழிற்சாலைகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. மிஞ்சியதே ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து குவாதலஹாரா நகரம் தன் குடிநீரில் பாதிக்கும் மேற்பட்டதைப் பெறுகிறது. அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்வோர் 50 இலட்சத்துக்கும் மேல்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏரியின் கிழக்கே அணை எழுப்பி, ஏறத்தாழ 50,000 ஹெக்டேர் சதுப்பு நிலத்தை வயலாக்கினர். பறவைகளுக்கும் மீன்களுக்கும் தொட்டிலாக இருந்த பகுதி அது. 1955இல் கடும் வறட்சியால் ஏரி வெகுவாக இறங்கியது. பிறகு தேறியது. 2002ஆம் ஆண்டிலோ கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாமற் போயிற்று. சப்பாலா நகரின் படகுத்துறை வறண்ட தரைமேல் நின்றது. நேற்றுவரை படகோடிய இடத்தில் மாடுகள் மேய்ந்தன.

2003இலும் 2004இலும் பெய்த நல்மழை ஏரியைக் காப்பாற்றியது. 2004 டிசம்பரில் ஐந்து மாநிலங்களும் நடுவண் அரசும் லெர்மா நீரைப் பங்கிடுவது பற்றி உடன்பாடு செய்துகொண்டன. 2009இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சப்பாலா சேர்க்கப்பட்டது. எனினும் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2024ஆம் ஆண்டு மழைக்கு முன் ஏரி மீண்டும் பாதிக்கும் கீழே இறங்கியது.

இதில் குற்றவாளி யார்? ஆற்றின் மேற்பகுதியில் பயிரைக் காக்க மதகைத் திறக்கும் உழவரா? குவாதலஹாராவில் குழந்தைக்குப் பால் கரைக்கக் குழாயைத் திறக்கும் தாயா? இருவர் தேவையும் நியாயமானதே. ஆனால் பேச வாயில்லாத ஒருவருக்கும் அந்நீரில் பங்கு உண்டு என்பதைப் பங்கிடும் வேளையில் யார் நினைவூட்டுவது? கூழைக்கடா மனுக்கொடுக்க வராது. பெத்தத்தான் மீனவரின் குரலும் தொலைவில் எட்டுவதில்லை. மீனவரின் வலை வெறுமையானால் கழிவை நம்பி வந்த பறவையின் அலகும் வெறுமையாகும். இருவரையும் வாழ்விப்பது ஒரே நீர்தான். அந்த இடத்தில்தான் கழகத்தாரின் குறிப்பேடு சாட்சியாக வந்து நிற்கிறது.

கற்கவேண்டியது இருபுறமும்

இக்கழகத்தாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்படுவதுண்டு. 'வெளிநாட்டிலிருந்து வந்து வசதியாக வாழ்பவர்களின் பொழுதுபோக்கு இது' என்பர். அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால் பறவையின் அறிவியற் பெயரை அறிந்த முதியவரும், அதன் வருகை காற்றின் எந்த மாற்றத்தோடு நிகழும் என்பதை அறிந்த மீனவரும் ஒரே தொலைநோக்கியில் மாறி மாறிக் கண்வைக்கும்போது, இருவரிடமும் மற்றவர் கற்கவேண்டியது இருக்கிறது. மீனவரின் மகளோ மகனோ அந்தக் குறிப்பேட்டைக் கையில் எடுக்கும் நாளில்தான் எண்ணும் பணி வேரூன்றும். வந்து குடியேறியவர்கள் ஒருநாள் திரும்பிவிடலாம். ஏரியோடு இருக்கப் போகிறவர்கள் அக்குழந்தைகளே.

குளிர்காலத்தின் இறுதியில் கூழைக்கடாக்களின் அலகின்மேல் சிறு கொம்பு போன்ற ஒரு புடைப்பு முளைக்கிறது. இனப்பெருக்கக் காலம் நெருங்குகிறது என்பதற்கு அடையாளம் அது. முட்டையிட்ட பின் உதிர்ந்துவிடும். அதைக் கண்டதும் கழகத்தார் அறிந்துகொள்வர், விருந்தாளிகள் புறப்படப் போகின்றனர் என்று. ஒரு நாள் வெயில் ஏறும் வேளையில், வெம்மையான காற்றைப் பற்றிக்கொண்டு, சிறகசைக்காமலே வட்டமிட்டு உயர்ந்து, அவை வடக்கே திரும்புகின்றன. கரையில் நிற்பவர்கள் கடைசிமுறையாக எண்ணி எழுதுகின்றனர். அக்டோபரில் அவை திரும்பி வரும்போது ஏரியில் நீர் இருக்கவேண்டும். எண்ணுவதற்கு ஆளும் இருக்கவேண்டும்.