நோய் நீங்கியதை அறிவது எங்ஙனம்?

நீறு பூத்த நெருப்பை அணைந்துவிட்டதென எண்ணி அயர்ந்தால் வீடே எரியும். புற்றுநோயின் இயல்பும் அத்தகையதே. கட்டி கண்ணுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கும் புலனாகாமல் மறைந்த பின்னரும், நோயுற்ற உயிரணுக்கள் உடலில் ஒளிந்திருத்தல் கூடும். அவை உளவா இலவா என்று அறிவது எங்ஙனம்?

சில புற்றுநோய்கள் சிற்சில பொருள்களை இரத்தத்திலோ சிறுநீரிலோ கலக்கின்றன. அவற்றை உயிர்க்குறிகாட்டிகள் என்பர். மருந்து பயன் தருமாயின் பெரும்பாலும் அவற்றின் அளவு குறையும். நோய் மீளுமாயின் உயரும்.

இதன் வலிமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர், சீனாவில் பிறந்த மருத்துவர் மின் சியூ லி ஆவார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் அவரும் ராய் ஹெர்ட்சும், நச்சுக்கொடித் திசுவில் தோன்றும் கொடிய புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை அளித்து, அதன் பயனை 1956-இல் வெளியிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை ஏற்றிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து வகையே அது.

கருவுற்ற மகளிரின் சிறுநீரில் காணப்படும் எச்.சி.ஜி. என்னும் சுரப்புநீரை இந்நோயும் உண்டாக்குகிறது. மருந்து பெற்ற மகளிரின் கட்டிகள் மறைந்தன, ஆனால் எச்.சி.ஜி. சிறிது எஞ்சியிருந்தது. அது அறவே ஒழியும்வரை மருந்தை நிறுத்தலாகாது எனத் துணிந்தார் லி. நலமுற்றவர்க்கு வீணே நஞ்சூட்டுகிறார் என மேலிடத்தார் கருதினர். 1957-இல் அவர் அக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்தது. ஆயினும் அவர் முறையே சரியெனப் பின்னர் விளங்கிற்று. மருந்து முன்னரே நிறுத்தப்பெற்றவர்க்கு நோய் மீண்டது, எச்.சி.ஜி. மறையும்வரை மருந்து பெற்றவர் பிழைத்தனர். 1972-இல் லாஸ்கர் பரிசு பெற்றோருள் லியும் ஒருவர்.

பினாங்கு வாசகர் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. மலேசியாவில் மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரைவிடச் சீனரிடையே மிகுதியாகக் காணப்படுவது மூக்குத்தொண்டைப் புற்றுநோய். இதனோடு எப்ஸ்டீன்-பார் என்னும் நச்சுயிரிக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. அதன் மரபுப்பொருள் இரத்தத்தில் கலந்திருக்கும் அளவை 1999-இல் ஹாங்காங் அறிஞர்கள் கணித்துக் காட்டினர். சிகிச்சைக்குப் பின்னும் அது எஞ்சுமாயின், நோய் மீளும் வாய்ப்பு மிகுதி.

எனினும் குறிகாட்டி மட்டுமே தீர்ப்பு ஆகாது. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியின் அழற்சியாலும் உயரும். சிகிச்சையின் தொடக்கத்தில் கட்டி சிதைவதால் சில குறிகாட்டிகள் சின்னாள் உயர்ந்து பின் தாழ்வதும் உண்டு. ஆதலின் ஒரு நாள் அளவைக் கண்டு அஞ்சுதலும் மகிழ்தலும் தகா. பலமுறை எடுத்த அளவுகளின் போக்கை மற்றச் சோதனைகளோடு வைத்தே மருத்துவர் முடிவு காண்பர். உடல் தேறியதென்று நோயாளி தாமே சோதனையை நிறுத்துவது, நீற்றைக் கண்டு நெருப்பை மறப்பதே ஆகும்.